நன்றி ஆராதனையில் பக்கத்து வீட்டை அளக்க வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதன் பிறகு தோட்டப்புறச் சபைகளின் நன்றி ஆராதனைகளில் ஒரு சாட்சி அடிக்கடி காதில் விழுகிறது: "சுற்றிவர எல்லாம் போய்விட்டது, கர்த்தர் எங்கள் வீட்டை மாத்திரம் காத்துக்கொண்டார்." சொல்பவர் மனதார நன்றியோடுதான் சொல்கிறார். ஆனால் அதே ஆலயத்தில் வீட்டை இழந்தவரும் உறவை மண்ணுக்குள் பறிகொடுத்தவரும் உட்கார்ந்திருக்கக்கூடும். "உங்களை அவர் காக்கவில்லை" என்றுதான் அந்தச் சாட்சி அவர்கள் காதில் விழும். நன்றி சொல்ல வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. நன்றிக்குள் ஒப்பீடு நுழைந்துவிடுகிறது என்பதே எங்கள் கவலை. இது கிறிஸ்தவ சபைகளின் உள்விவகாரம் என்றாலும், பல சபைகளைச் சேர்ந்தவர்கள் வாசிக்கும் உங்கள் பத்திரிகையில் எழுதினால் எல்லாரையும் சென்றடையும் என்று நம்புகிறோம்.

சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்று தாமே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13). மண்சரிவுக்கும் இதே பதில்தான். தொடர்மழையில் மண் நீரை உறிஞ்சிக் கனக்கிறது, கான்கள் (வடிகால்கள்) அடைபட்டு நீர் வெளியேற வழியில்லாமல் போகிறது, செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில் லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, நிற்கிறது. அந்த லயத்தை அங்கே கட்டுவதென்று தீர்மானித்தவர்கள் அதில் குடியிருப்பவர்கள் அல்லர். தப்பிய குடும்பத்தின் ஜெபம் பெரியது, புதையுண்ட குடும்பத்தின் ஜெபம் சிறியது என்று கணக்குப் போட வேதத்தில் இடமே இல்லை.

அடுத்து லூக்கா 18இல், ஜெபிக்கப் போன பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) பற்றி இயேசு சொன்ன உவமை. பரிசேயனின் ஜெபம் நன்றியோடு தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், எல்லாச் சம்பாத்தியத்திலும் தசமபாகம் என்று அவன் சொல்லும் இரண்டும் நல்ல காரியங்கள். நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கிய உபவாசம் வருடத்தில் ஒரே நாள், பாவநிவிர்த்தி நாள்; அதற்கும் மேலாகவே அவன் செய்தான். பொய் சொன்னான் என்று இயேசு குற்றஞ்சாட்டவும் இல்லை. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று சொல்லத் தொடங்கிய இடத்தில்தான் ஜெபம் முறிந்தது. கண் தேவனிடமிருந்து விலகிப் பின்னால் நின்ற மனுஷன்மேல் விழுந்தது.

கூலிக்கும் கிருபைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொழுந்து எடுக்கும் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நிர்ணயித்த கிலோ வந்தால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர். அது கூலி, கொடுக்கிறவன்மேல் அது கடன். ரோமர் 4:4 இதையேதான் சொல்கிறது. கிருபைக்கு செக்ரோல் (தோட்டத்தின் சம்பளப் பதிவேடு) கிடையாது. மத்தேயு 20இல் இயேசு சொல்லும் உவமையில் பகல் முழுவதும் வெயிலில் வேலை செய்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது மாலை 5 மணியளவில் வந்தவனுக்கும் ஒரே பணம் கொடுக்கப்படுகிறது. முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தது தங்களுக்குக் குறைந்ததால் அல்ல, மற்றவனுக்குச் சமமாகக் கிடைத்ததால். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது எது?" என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வியை (1 கொரிந்தியர் 4:7) ஒவ்வொரு சாட்சிக்கும் முன்னால் வாசித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதிக்கு ஒழுங்கு வேண்டும். முதலில் சாட்சி நேரம். கையில் மைக் கிடைத்தவர் எவரும் தாமாக நிறுத்துவதில்லை. 20 பேர் பத்துப் பத்து நிமிடம் பேசினால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். துணி துவைக்கவும் விறகு எடுக்கவும் சந்தைக்குப் போகவும் ஞாயிறு ஒன்றுதான் உள்ள சனத்துக்கு அது பாரம். ஓர் ஆராதனைக்கு ஆறு சாட்சி, ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் 18 நிமிடம் போதும். பேச விரும்புகிறவர் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் போதகரிடமோ மூப்பரிடமோ கொடுக்கட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, வாலிபர் ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். அதில் நடந்தது என்ன, யார் கையினால் உதவி வந்தது, இனி நான் யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வியைத்தான் மக்கள் அதிகம் மறக்கிறார்கள். புயல் நேரத்தில் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் பன்சலைகளும் (பௌத்த விகாரைகளும்) பள்ளிவாசல்களும் இடம் கொடுத்தன. இந்து அக்காவின் அடுப்பில் சமைத்த சோற்றைத் தின்றுவிட்டு, சாட்சியில் அந்த அக்காவைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த ஒருவன் சமாரியன், அந்நியன் என்று லூக்கா 17 அழுத்திச் சொல்கிறது.

எழுதிக்கொடுத்ததை வாசிக்கும் மூப்பர் வெட்டவேண்டிய இடங்கள் உண்டு. மற்றக் குடும்பங்களோடு ஒப்பிடும் வரிகள், காணிக்கை கொடுத்த தொகை, "நான் 21 நாள் உபவாசித்தேன், கிடைத்தது; நீங்களும் செய்தால் கிடைக்கும்" என்ற வாக்குறுதி. மூன்றில் கடைசி மிகவும் ஆபத்தானது. அது கிருபையை மறுபடியும் கூலியாக்கிவிடுகிறது. உபவாசித்தும் பிள்ளையை இழந்த தாய் அதைக் கேட்டால், தன் விசுவாசத்தில் ஏதோ குறை என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார். இந்த வெட்டலைப் போதகரோ மூப்பரோ சபைக்கு முன்னால் செய்யக்கூடாது. எழுதியவரோடு தனியாக உட்கார்ந்து, காரணம் சொல்லிச் செய்ய வேண்டும். நன்றி சொல்ல வந்தவரை அவமானப்படுத்தி அனுப்புவதும் அதே பெருமையின் இன்னொரு முகம்.

காணிக்கை விஷயத்தில் ஒப்பீட்டுக்குப் பாத்திரமே பாதிக் காரணம். பித்தளைத் தட்டு வாங்கு வாங்காகப் போகும்போது 5000 ரூபாய்த் தாள் மேலே விரிந்து கிடக்கும், நாணயக் குற்றி விழுந்தால் சத்தம் கேட்கும். சில்லறை வைத்திருக்கும் கிழவி கையை இழுத்துக்கொள்கிறார். மரப்பிடி வைத்த ஆழமான துணிப்பைக்கு மாறினால் இது அன்றைக்கே நின்றுவிடும். நன்றிக் காணிக்கைக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் கடித உறை, வெளியில் பெயர் வேண்டாம். பற்றுச்சீட்டு வேண்டியவர் உள்ளே துண்டில் எழுதட்டும். உறவினரல்லாத மூன்று பேர் அன்றே எண்ணிப் புத்தகத்தில் மூவரும் கையெழுத்திட வேண்டும். அறிவித்தல் பலகையில் மொத்தத் தொகையும் செலவும் சதம்வரை போகட்டும், கொடுத்தவர் பெயர் போகக்கூடாது. கொடுத்தவரை மறைப்பதும் கணக்கை மறைப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்ட இடங்களில் பொருளாளர்மேல் சந்தேகம் வரும்.

விதவையின் காணிக்கையை நம் சம்பளத்தில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மாற்கு 12இல் அவள் போட்ட இரண்டு காசு ரோம நாணயத்தில் ஒரு துட்டு. ஒரு நாள் கூலியான ஒரு வெள்ளிப் பணத்துக்கு 64 துட்டு. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்திருந்த 1350 ரூபாய் அடிப்படை நாள் சம்பளத்தை 64ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 ரூபாய்: ஒரு 20 ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் குற்றியும். எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்று ஆண்டவர் சொன்ன தொகை நம் பணத்தில் இவ்வளவுதான். மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் இன்னார் அன்பளிப்பு என்று எழுதும் ஆலயத்தில் இந்த 21 ரூபாயை எங்கே எழுதுவது?

அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னும் சிக்கலானது. முதற்பலனாகக் கொண்டுவந்த பூசணிக்காய் இரண்டு குடும்பங்களின் போட்டியில் சந்தை விலையின் பல மடங்குக்குப் போகிறது. பணம் சபைக்குத்தானே வருகிறது என்பார்கள். வருகிறது, கூடவே அடுத்த வருடத்துக்கான பகையும் வருகிறது. ஏலம் கேட்க முடியாதவர் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார். உபாகமம் 26 சொல்லும் முறை வேறு. கூடையை வைத்தவன் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. தன் தகப்பன் நாதியற்று எகிப்துக்குப் போனதையும், அங்கே கொடிய வேலை சுமத்தப்பட்டதையும், தேவன் வெளியே கொண்டுவந்ததையும் சொல்கிறான். பிறகு லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படுகிறான். இந்த அறிக்கை நம் மக்களுக்கு அப்படியே பொருந்தும். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியில் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடமானதை (மலையகம் 200) நினைத்து 2023இல் அதே வழியில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னதால் பல குடும்பங்களுக்கு விசுவாசமும் இன்னொருவர் கையால் வந்தது. ஏலம் நடக்கும் நேரத்தில் வயதான ஒருவர் தன் குடும்பம் வந்த வழியைப் பத்து நிமிடம் சொன்னால் பிள்ளைகளுக்கு அது நிலைக்கும்.

பொருட்களை என்ன செய்வது? சனிக்கிழமை மாலையே வகை பிரியுங்கள். கீரை, லீக்ஸ், கோவா போன்ற வாடுபவை ஞாயிறு பொதுச் சாப்பாட்டுக்கு. 100 பேருக்கு ஏறக்குறைய 12 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 10 கிலோ மரக்கறி போதும். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கட்டும், பிரமுகர்களுக்குத் தனி மேசை வேண்டாம். பூசணி, உருளைக்கிழங்கு, தேங்காய் போன்றவற்றில் ஒரு பகுதியை அன்றைய சந்தை விலை எழுதிய துண்டோடு மேசையில் வைத்துப் பக்கத்தில் பூட்டிய பெட்டி வைக்கலாம். கூடுதலாகப் போட விரும்புகிறவர் போடட்டும், எவருக்கும் தெரியாது. மற்றதைத் திங்கள் மாலை இரண்டு பேர் பைகளில் கட்டித் தேவையுள்ள வீடுகளுக்குக் கொண்டுபோகட்டும். படம் எடுக்க வேண்டாம். நிவாரணப் பொதியை நீட்டிக்கொண்டு பதாகைக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து எடுத்த படங்களைப் புயலுக்குப் பிறகு நிறையவே பார்த்தோம். கணக்குக்கு வாங்கியவரின் கையெழுத்துப் போதும்.

கண்டியில் 1697இல் பெரியம்மை பரவியபோது அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு வெளியேறினார்கள். புனித யோசேப் வாஸ் அடிகளாரும் அவருக்கு மருமகன் முறையான கார்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்ட நோயாளிகளுக்குக் குடில் போட்டு, உணவு கொடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. வாஸ் அடிகளாரை ஆயராக்கும் யோசனை வந்தபோதும் அவர் அதை ஏற்கவில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இந்த வரலாற்றை ஞாயிறு பாடசாலையில் சொல்லிக்கொடுக்கலாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் தப்பாகப் பயன்படும். தாழ்மை, நன்றி என்ற வார்த்தைகளை வைத்துத் தொழிலாளியின் வாயை அடைக்கக்கூடாது. "கடவுள் தந்ததில் திருப்தியாயிரு, சம்பளம் கேட்டுச் சத்தம் போடாதே" என்ற போதனை வேதத்தில் இல்லை. வயல் அறுத்தவர்களுக்குப் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிகளில் விழுந்திருக்கிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கூலி கடன் என்று பவுல் சொல்லும்போது கடனைக் கேட்பது நன்றிகெட்ட செயலாகாது. பாதுகாப்பான காணி கேட்பதும் அப்படியே. தேவனுக்கு முன்னால் தலைகுனிகிறவன் துரைக்கு முன்னாலும் ஐயாவுக்கு முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டும் என்று போதிப்பவர்கள் தாழ்மையைப் புரிந்துகொள்ளவில்லை. "நான் ஒன்றுமில்லாதவன், புழு" என்று மைக்கில் அடிக்கடி சொல்வதும் தாழ்மை அல்ல. அங்கேயும் பேச்சு முழுவதும் "நான்" தான்.

வீட்டு ஜெபத்தில் இதைப் பழக்குவது எளிது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளிடம் தட்டைக் காட்டிக் கேளுங்கள்: பொலனறுவையில் இந்த நெல்லை விதைத்தவர் யார், புத்தளத்தில் இந்த உப்பை வாரியவர் யார், இன்றைக்குப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தது யார்? அவர்களுக்காக ஒரு வரி ஜெபம். இப்படிப் பழகும் பிள்ளைக்கு நன்றி சொல்லப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடும் தேவை வராது.

ஏலத்தை நிறுத்த விரும்பும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகைக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக நிர்வாகக் குழுவில் எடுத்து, கூட்ட அறிக்கையில் எழுதி, சபைக்கு அறிவியுங்கள். பல சபைகளின் வருடாந்தச் செலவில் ஏலப்பணமும் ஒரு பங்கு. போன வருடம் அதில் எவ்வளவு வந்தது, எந்தச் செலவுக்குப் போனது என்று பொருளாளர் முதலில் சபையிடம் சொல்லட்டும். அந்தத் தொகையை மாதாமாதம் கடித உறைகளில் பிரித்துச் சேர்க்க முடியுமா என்று சபையே பேசித் தீர்மானிக்கலாம். முதல் வருடம் வரவு குறையக்கூடும். அதற்கேற்றபடி செலவை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

இப்படிக்கு,
சபை மூப்பர்கள் சிலர்,
ஹட்டன்.