சாயத் தண்ணீரும் தேயிலைச் சாறும்: செயலாளரின் ஆண்டறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

நம் கைத்தறி நெசவாளர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. நோன்பு மாதத்தில் மட்டும் கூடவில்லை. நூல் விலை பற்றிப் பேசாத கூட்டம் இல்லை, தீர்வு கண்ட கூட்டமும் இல்லை. சரி, நூலுக்குச் சாயமிட்ட பின் நாம் ஊற்றிவிடும் சாயத் தண்ணீர் விசயத்துக்கு வருகிறேன்.

கிழக்கிலங்கைக் கரையோரத்து நம் மருதமுனை மணல் நிலம். ஊற்றியது உடனே கீழே இறங்கிவிடும், பக்கத்திலேயே கிணறு. பெருநாள் வேலை மும்முரத்தில் ஒரு காலை என் வீட்டுக் கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீரில் மெல்லிய ஊதா தெரிந்தது. ஊற்றியவன் நானேதான்.

அதன் பிறகுதான் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம் படிக்கும், நம் அங்கத்தவர் ஒருவரின் மகளை அழைத்தோம். தேத்தண்ணிக் கடையில் வாங்கிய தேயிலைச் சக்கையைக் கொதிக்கவைத்து வடித்தார். அதில் அன்னபேதி என்ற இரும்பு உப்பின் கரைசலை விட்டதும் மை போலக் கறுத்தது. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து, நனோ அளவுத் துணிக்கைகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருக்குமாம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். “வெறுந்தேத்தண்ணி சாயத் தண்ணியைத் தெளிய வைக்குமா, மகள்?” என்று ஒருவர் கேட்டார். மகள் அந்தக் கறுப்பில் கொஞ்சத்தை மெதிலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் விட்டு, ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்தார். பார்த்துக்கொண்டிருக்கவே நீலம் வெளுத்தது. எல்லோரும் கை தட்டினோம்.

அப்புறம் நம் தொட்டித் தண்ணீரில் செய்தோம். அசையவில்லை. இந்த வேலைக்குத் தண்ணீர் புளிப்பாக, பிஎச் 3 அளவில் இருந்தால்தான் நல்லதாம். நம் தண்ணீரிலோ கோஸ்டிக் சோடா என்ற கடுங்காரம். சாயத்தைக் கரைக்கப் போட்டு மிச்சம் கிடக்கும் ஹைட்ரோஸ் பேரொட்சைட்டை முதலிலேயே குடித்துவிடும். தேசிக்காய் பிழிந்து சமாளிக்கிற அளவா அது?

மூத்த சாயக்காரர் ஒருவர் எழும்பி, “நூலைக் காற்றில் விரித்தால்தானே வாட் சாயம் நிறம் ஏறுது? தண்ணியையும் அப்படிக் காற்றுப்படக் கலக்கி வையுங்க, சாயம் கரையாத தூளாகி அடியில் இருந்திடும்” என்றார். அதுவே சரியென்று மகளும் சொன்னார். தெளிந்த தண்ணீரின் காரத்தை முறித்த பிறகு மிஞ்சும் நிறத்துக்குத் தேயிலைச் சாற்றைப் பார்க்கலாமாம்.

படிவுத் தொட்டி ஒன்று கட்ட நிர்வாகக் குழு உடன்பட்டது. தொட்டி எல்லோருக்கும் வேண்டும், ஆனால் யாருடைய வளவிலும் வேண்டாம். அடியில் சேரும் சேற்றை எங்கே கொட்டுவது என்பதும் முடிவாகவில்லை. இரண்டையும் இன்றைய கூட்டத்துக்கே விடுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்