ஏசிக்கு ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையில் ஏசி விற்கும் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. அண்மையில் மாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்கு நானும் போயிருந்தேன். விற்பனையாளர் என் மின்கட்டண ரசீதை வாங்கிப் பார்த்து, கட்டிய தொகையை யூனிட்டால் வகுத்து, "உங்களுக்கு ஒரு யூனிட் மூன்று ரூபாய்கூட விழவில்லை, ஐயா. இரவு முழுக்க ஓடினாலும் நான்கு யூனிட்தான், பதினோரு ரூபாயில் முடிந்துவிடும்" என்றார். அவர் வகுத்ததில் பிழையில்லை. ஆனால் புதிதாக வரும் ஏசிக்கு அந்தச் சராசரியைப் போட முடியாது என்பதை வாங்குவோரிடம் யாரும் சொல்வதில்லை.

நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் போடப்படுகிறது. தொடக்க யூனிட்டுகள் இலவசம் என்பதால்தான் சராசரி அவ்வளவு குறைவாகத் தெரிகிறது. ஏற்கெனவே ஓடும் விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் கீழ்ப்படிகளை எல்லாம் நிரப்பிவிட, பின்னால் வரும் பொருள் மேல்படியில்தான் போய் உட்காரும். முதல் 100 யூனிட் இலவசமாக இருந்த, 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விகிதங்கள் மாறியிருந்தாலும், படிப்படியாக ஏறும் முறை அதேதான். 380 யூனிட் செலவாகும் வீட்டுக்கு அப்போது 1,035 ரூபாய். நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் 60 நாளைக்கு ஏசி ஓடினால் 240 யூனிட் கூடி, மொத்தம் 620 ஆகி, கட்டணம் 2,930 ரூபாயாகும். கூடுதல் 1,895 ரூபாய், அதாவது ஏசிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 ரூபாய். கடைக்காரர் சொன்னதைப் போல மூன்று மடங்கு.

அந்த விகிதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னொரு இடியும் விழுந்தது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலையாக இருந்த சலுகை போய்விட்டது. அதே விகிதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உறவினர்கள் வந்து ஒரு வாரம் தங்கினாலே பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

எந்தப் பொருள் எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதை வாட் எண்ணைக் கொண்டு மட்டும் கணக்கிடுவதும் ஏமாற்றும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது விசிறிக்கும் விளக்குக்கும் பொருந்தும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரோ விட்டுவிட்டு ஓடுவது. 150 வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட் வருகிறது. என் வீட்டு ஃபிரிட்ஜின் நட்சத்திர வில்லையில், அதாவது மின்செலவைச் சொல்லும் ஒட்டுத்தாளில், ஓராண்டுக்கே 210 யூனிட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அந்த ஆண்டுக் கணக்கை ஆறால் வகுப்பதே நமக்கு உதவும்.

நம்ப முடியாதவர்கள் மீட்டரையே கேட்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மின்னும் என்ற எண் இருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. ஒரு மாலை எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, 75 வாட் பழைய விசிறியை மட்டும் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தோடு வாசலில் நின்றேன். நிமிடத்துக்கு நான்கு முறை மின்னியது. மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகையான 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியை மட்டும் போட்டதும் அடுத்த மின்னலுக்கு அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. பழையது நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட், புதியது 36. மாவாட்டும் கிரைண்டரைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டையெல்லாம் வீண். அரை மணி நேரத்துக்கு அது பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட எடுப்பதில்லை.

ஏசி விற்போர், "உங்கள் இரண்டு மாத யூனிட் எவ்வளவு?" என்று முதலில் கேட்டு, ஏசி சேர்ந்த பிறகு வரும் முழுத் தொகையையும் அதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மின்கட்டண ரசீதிலும், கடைசி யூனிட் எந்த விகிதத்தில் விழுந்தது என்பதைத் தனி வரியாக அச்சிட்டால், வாங்குபவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செல்லூர், மதுரை.