செல் பாடம் தொடர்பாகப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் நம் பிள்ளைகள் இம்மாதம் அறிவியலில், உயிரினங்களின் உடலை ஆக்கும் நுண்ணிய அலகான செல்லின் அமைப்பையும் பணிகளையும் படிக்கவிருக்கிறார்கள். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். அம்மதிப்பெண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாகங்களின் பெயர்களை மட்டும் ஒப்பித்து, அவை என்ன செய்கின்றன என்பதை அறியாமல் மேலே செல்லும் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் உயிரியல் எடுத்ததும் திணறுகிறார்கள். ஆகவே இவ்வாண்டு முதலில் நுண்ணோக்கியில் பார்ப்பது, பிறகு அதைப் பற்றிப் பேசுவது, அதன் பிறகே எழுதுவது என்று ஆசிரியர்களுடன் கலந்து முடிவு செய்துள்ளோம்.

கட்டடத்துக்குச் செங்கல் எப்படியோ அப்படியே உடலுக்குச் செல் என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். தொடக்க வகுப்புக்கு அது போதுமானது என்றாலும் பாதி உண்மையே. செங்கல் உணவு உட்கொள்வதில்லை, கழிவை வெளியேற்றுவதில்லை, தன்னைப் போன்ற இன்னொன்றைத் தோற்றுவிப்பதில்லை; செல் இவை அனைத்தையும் செய்கிறது. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அவர் கண்டவை உயிர் நீங்கிய பின் எஞ்சி நின்ற வெற்றுச் சுவர்கள் மட்டுமே. தாவர செல்லுக்குள் அதன் கட்டுப்பாட்டு மையமாக இருக்கும் உட்கருவுக்கு இராபர்ட் பிரௌன் பெயரிட்டது 1831-இல்தான். தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்ற கொள்கை 1838, 1839 ஆம் ஆண்டுகளில் சுலைடன், சுவான் ஆகியோரால் உருப்பெற்றது. உள்ளே நடப்பதை அறிவதற்கு அறிஞர்களுக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்க, நம் பிள்ளைகளை ஒரே மாலையில் மனப்பாடம் செய்யச் சொல்வது முறையாகாது.

வகுப்பில் வெங்காயத்தைக் கொண்டே தொடங்குகிறோம். செதிலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்து ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால், வரிசையாக அமைந்த செல்களும் அவற்றின் சுவர்களும் உட்கருவும் தெளிவாகத் தெரியும். அடுத்து, செந்நிற வெங்காயத்தின் வெளிப்புறத் தோலின் மேல் உப்புக் கரைசலை விடுவார்கள். அப்போது செல்லிலிருந்து நீர் வெளியேறி, நிறமுள்ள உட்பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைச் சில நிமிடங்களில் காணலாம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுவே. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் செல் சவ்வின் வேலை இங்கே கண்முன் நிகழ்கிறது. நீரைக் கடக்க விடும் அச்சவ்வு நிறமியை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது.

இதன் தொடர்ச்சியை நீங்கள் வீட்டிலேயே காட்டலாம். நறுக்கிய கத்தரிக்காயைக் குளிர்ந்த நீரில் போட்டால் தோலின் ஊதா நிறம் எளிதில் கரைவதில்லை. வேகவைத்தால் நீரில் இறங்கிவிடுகிறது. வெப்பத்தால் சவ்வு சிதைந்து, நுண்குமிழில் (செல்லுக்குள் இருக்கும் சாற்றுப் பையில்) அடைபட்டிருந்த நிறமி வெளியேறுவதே காரணம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயிலேயே இதைச் செய்து காட்டலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளின் டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) வேலை பார்க்கும் பெற்றோர்களுக்கு இன்னும் நல்ல சான்று கைவசம் இருக்கிறது. பச்சைத் தோலில் உப்பைத் தேய்த்து வைத்தால் அது அழுகாமல் இருப்பது ஏன்? தோலிலிருந்தும் அதில் வளர முயலும் பாக்டீரியாக்களிலிருந்தும் உப்பானது நீரை இழுத்துவிடுகிறது. நீரை இழந்த அந்த ஒற்றைச் செல் உயிரிகளால் பெருக முடிவதில்லை. அத்தொழிலை அறிந்தவர் எவரேனும் வகுப்புக்கு வந்து இதை விளக்க முன்வந்தால் மகிழ்வேன்.

மைட்டோகாண்ட்ரியா உணவிலிருந்து ஆற்றலை எடுத்துக் கொடுப்பது, ரைபோசோம்கள் புரதம் செய்வது, பசுங்கணிகம் தாவரங்களில் இருந்து விலங்குகளில் இல்லாதிருப்பது ஆகியவற்றை ஆசிரியர்கள் வரிசையாக நடத்துவார்கள். இரத்தச் சிவப்பணுவைப் பற்றி மட்டும் நான் தனியே சொல்ல வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே அதில் நிறைந்திருக்கிறது. ஏறத்தாழ 120 நாட்களில் அதன் ஆயுள் முடிந்துவிடுவதால், எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 இலட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஹீமோகுளோபினுக்கு இரும்பும், செல் பிரிவதற்கு முன் அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ. இரட்டிப்பாவதற்கு ஃபோலிக் அமிலமும் தேவை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருப்பது இதற்காகத்தான். வயிற்றைப் புரட்டும் என்று அஞ்சி அதை வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். குறிப்பாக, பெண் பிள்ளைகளின் பெற்றோர்களை இதில் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செல்லைப் பற்றிய அறிவு எங்கோ தொலைவில் வளர்வதன்று. ஹீமோபிலியா ஏ என்னும் இரத்தம் உறையாக் குறைபாடு உடைய ஐவருக்கு, அவர்களுடைய குருதித் தண்டு செல்களையே (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்களையே) எடுத்து, உறைதலுக்குத் தேவையான மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்திய சிகிச்சையின் முடிவுகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டனர். நம் பிள்ளைகள் பேருந்தில் கடந்துபோகும் ஊரில் நடந்த ஆய்வு அது.

உங்களிடம் நான் கேட்பவை சிலவே. கடையில் விற்கும் தெர்மோகோல் செல் மாதிரிகளை வாங்கித் தர வேண்டாம். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. இரவு உணவின்போது, அன்று நுண்ணோக்கியில் என்ன பார்த்தாய் என்று கேட்டு, பிள்ளை தன் சொற்களில் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். பிழையாகச் சொன்னாலும் இடைமறித்துத் திருத்த வேண்டாம். மறுநாள் வகுப்பில் மீண்டும் பார்த்துத் தானே திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருவோம்.

கன்னத்தின் உட்புறச் செல்களைக் காணும் செய்முறையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரப்படும் தூய பல்குச்சியால் பிள்ளைகள் தாங்களே மெதுவாக வருடி எடுப்பார்கள்; அக்குச்சிகள் உடனே அப்புறப்படுத்தப்படும். எவருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுக்கப்படமாட்டாது. இரத்த அணுக்களைக் காண, முன்பே தயாரித்து வைத்த கண்ணாடித் தகடுகளே பயன்படும். இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் தர விரும்பாதவர்களின் பிள்ளைகள் வெங்காயத் தோல் செய்முறையில் கலந்துகொள்வார்கள். அவர்களது மதிப்பெண்ணில் எவ்விதக் குறைவும் இராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
வேலூர் மாவட்டம்.