மண்டித் தாளில் எழுதியது

பெரியகுளம்
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. கம்பு ஊன்றாமல் வாசல் வரை போய்ப் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு வருகிறது. தம்பிக்குச் செய்முறைத் தேர்வு முடிந்தது, நன்றாகச் செய்தேன் என்கிறான், அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. பனியில் கருகாமல் தப்பித்துவிட்டால் காசாலட்டு மாம்பழத்துக்குக் குறைவிருக்காது. மண்டியில் இப்போது வேலை கிடையாது, அதனால் உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. மண்டித் தாள்தான். மேலே கடைப் பெயர் போட்ட இடத்தைக் கிழித்துவிட்டேன்.

அம்மா கட்டிவைத்திருக்கும் பார்சலில் சீடை டப்பாவுக்கு அடியில் இதை வைக்கப் போகிறேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் "ஃபோன்ல பேசுனா ஆகாதா" என்பாள். ஃபோனில் நீ "ம்", "சரிப்பா", "ப்ராக்டிஸ் இருக்குப்பா" என்று மூன்றே பதிலில் முடித்துவிடுகிறாய். போன மூன்று ஞாயிறாக அதுவும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. காலையில் ப்ராக்டிஸ், பகலில் கிளாஸ், மறுபடியும் சாயங்காலம் ப்ராக்டிஸ் என்றால் பிள்ளைக்கு எங்கே நேரம் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டலில் முட்டை தருகிறார்களா இல்லையா என்பதை மட்டும் சொல். தராவிட்டால் வெளியில் வாங்கிச் சாப்பிடு, காசு அனுப்புகிறேன். ராத்திரி ஃபோனை வைத்துவிட்டுத் தூங்கு.

சனிக்கிழமை உன் பேஸ்கட்பால் மேட்சைத் தற்செயலாகப் பார்த்தேன். தம்பி ஃபோனில் யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது.

தற்செயல் என்பது பொய். மத்தியானமே மண்டியைப் பூட்டிவிட்டு வந்து, தம்பியிடம் ஃபோனைப் பிடுங்கி, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நாலு குவார்ட்டரும் பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்றுதான் வந்தது. இருந்தாலும் நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போகுமா.

என் பாக்கெட் டைரியை நீ பார்த்திருக்கிறாய். ஆறாவதில் நீ ஆட ஆரம்பித்ததிலிருந்து எழுதுகிறேன். எத்தனை பாயிண்ட் எடுத்தாய் என்பது ஒரு பக்கம், ரிங்கைப் பார்த்து எத்தனை தடவை போட்டாய் என்பது இன்னொரு பக்கம். விழுந்ததா விழவில்லையா என்பது அந்த இரண்டாவது கணக்கில் வராது. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவும் வராது. அந்தப் பக்கத்தில் போன வருஷம் இதே மாதம் ஒரு மேட்சில் 14 என்று எழுதியிருக்கிறேன். அப்புறம் 11. அப்புறம் 9. தீபாவளி கழிந்து 6. சனிக்கிழமை 2.

விலை இறங்குவதற்கு எந்த மண்டிக்காரனும் பயப்பட மாட்டான். இன்றைக்கு இறங்கும், நாளைக்கு ஏறும். வரத்து நின்றால்தான் வயிற்றில் புளி கரைக்கும். முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன். நாலு போட்டு நாலும் விழாமல் போயிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மூன்றாவது குவார்ட்டரில் வலது மூலையில் உன்னைச் சுற்றி ஆளே இல்லை. பந்து கைக்கு வந்தது. நெருப்பைத் தொட்டது போல உடனே அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாய். அந்தப் பிள்ளையை இரண்டு பேர் மறித்துக்கொண்டு நின்றார்கள்.

முழங்கையை உள்ளே வை. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

எட்டாவது படிக்கும்போது பி.டி. சார் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "உயரம் எந்தப் பிள்ளைக்கும் வரும், இந்த மணிக்கட்டு வராது." அவர் சுலபத்தில் யாரையும் புகழ்கிறவர் இல்லை. வளையம் 45 சென்டிமீட்டர், தரையிலிருந்து 10 அடி என்று அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கொல்லைச் சுவரில் அடித்த அந்த வளையத்தில் இப்போது பீர்க்கங்கொடி ஏறியிருக்கிறது. ஒரு காய் சரியாக வளையத்துக்குள் தொங்குகிறது. அறுத்துவிடுகிறேன் என்றேன். "இங்க யாரு ஆடுறா" என்கிறாள் உன் அம்மா. ஷூ வாங்கிய கடன் போன மாதத்தோடு தீர்ந்தது. சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன மே மாதம் தலைவலி என்று நீ வீட்டிலேயே படுத்திருந்தாய். நம் ஊர் டோர்னமெண்ட்டுக்குப் போகாத வருஷம் என்று உனக்கு ஒன்று இருந்ததா? நடக்கத் தெரியாத வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்தவள். ஆர்மிக்காரர்களும் இந்தியன் பேங்க்காரர்களும் ஆடும்போது, இந்தச் சின்ன ஊரில் ராத்திரி பத்து மணிக்குக் கேலரி நிறைந்து வழிவதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம ஊரு பெரிய ஊராப்பா?" என்று கேட்டாய். போன வருஷம் கேலரிச் சத்தம் நம் வீடு வரை கேட்டது. நீ ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அன்றைக்கே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். தலைவலித் தைலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன்.

முதலாளி மகன் அமெரிக்க ஆட்டமெல்லாம் பார்ப்பான். அவன் ஒரு கதை சொன்னான். 1995-ல் அங்கே என்.பி.ஏ. என்கிற பேஸ்கட்பால் லீக்கின் இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம். ஆர்லாண்டோ அணியில் நிக் ஆண்டர்சன் என்று ஒரு ஆட்டக்காரன். மூன்று பாயிண்ட் முன்னால் இருக்கிறார்கள், பத்து விநாடிதான் பாக்கி. இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தாலே ஏறக்குறைய ஜெயித்த மாதிரி. இரண்டும் விழவில்லை. திரும்பி வந்த பந்தை அவனே பிடித்தான், மறுபடியும் ஃபவுல், மறுபடியும் இரண்டு. அதுவும் விழவில்லை. அந்த ஆட்டமும் போச்சு, அந்த வருஷக் கோப்பையும் போச்சு. அதுவரை நூற்றுக்கு எழுபது போட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்தில் நாற்பதுக்கு வந்துவிட்டானாம். கை அதே கைதான். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. மண்டித் தாளில் அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகும் அவன் சில வருஷம் ஆடினான், அதையும் சேர்த்துக்கொள்.

சென்னையில் அனிதா பால்துரை இருக்கிறார். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உன் அலமாரிக் கதவில் இன்னும் அவர் படம் ஒட்டியிருக்கிறது, மூலை மட்டும் கிழிந்துவிட்டது. அவரைப் போல ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முட்டை மட்டும் சாப்பிடு.

இவ்வளவு எழுதியும் எழுத நினைத்தது இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை நாலாவது குவார்ட்டரில் உனக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. நீ எப்போதும் பந்தை மூன்று தட்டுத் தட்டுவாய், இடது உள்ளங்கையை ஷார்ட்ஸில் ஒரு தடவை துடைப்பாய், போடுவாய். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு ஏழு தட்டினாய். ரெஃப்ரி பந்தைக் கொடுத்தால் ஐந்து விநாடிதான், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. போடுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி வலது பக்கம், கேலரியின் மேல் வரிசையைப் பார்த்தாய். கேமராவிலும் அந்த வரிசை தெரிந்தது. அங்கே யாருமில்லை பாப்பா. நான் இங்கே தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தேன்.

தேனியில் மாவட்டப் போட்டி, நீ ஒன்பதாவது. நான் வலது பக்கம் மேல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் உனக்கு நாலு விழவில்லை. எனக்குப் பின்னால் எதிர் டீம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சிரித்தார்கள். "அந்த அஞ்சாம் நம்பர் புள்ள போடட்டும்யா, நமக்குத்தான் லாபம்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். பந்து உன்னிடம் வந்தது, நெற்றி வரை தூக்கிவிட்டாய். நான் எழுந்து நின்று, "போடாத! போடாத! குடுத்துரு!" என்று கத்தினேன்.

உன் கை இறங்கிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாய். கால் நகர்ந்தது, ட்ராவல் என்று பந்தை எதிர் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் சார் உன்னை நிற்கவைத்து "தூக்குன பந்த ஏன் எறக்குன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியல சார்" என்றாய். நானும் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம், "புள்ள பதறிருச்சு" என்றேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறேன். பதறியது நான்.

திரும்பி வரும்போது லட்சுமிபுரத்தில் வண்டியை நிறுத்திப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நான் போட்டிருப்பேன்ப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. "சரி, ஆறிரும், குடி" என்றேன்.

போட்டிருப்பாய். எனக்கு அன்றைக்கே தெரியும். அதை அங்கேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. நீ ஸ்டேட் டீமுக்குப் போன அன்றைக்கு, "பார்த்தாயா, அதெல்லாம் மறந்துவிட்டாள்" என்று நானாகவே கணக்கை முடித்துக்கொண்டேன். கணக்கெழுதுகிறவன் இப்படி முடிக்கக் கூடாது.

அடுத்த மாதம் உங்களுக்கு அங்கே மேட்ச் இருக்கிறது என்று தம்பி சொன்னான். போடி ரயிலில் தேனியில் ஏறினால் காலையில் சென்ட்ரல். வரவா? வந்தால் வாயைத் திறக்க மாட்டேன், டைரியும் கொண்டுவர மாட்டேன். இடது பக்கம் கீழ் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் வந்தால் உனக்குக் கை ஓடாது என்றால் வேண்டாம், "வேண்டாம்ப்பா" என்று ஒரு மெசேஜ் போதும். அதற்காக வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், அது என் பாடு. அம்மா நம்பருக்குப் போடாதே, எனக்கு அனுப்பு.

முழங்கையை உள்ளே வை. தூங்கு.

பீர்க்கங்காய் முற்றிக்கொண்டு வருகிறது. மே மாதத்துக்குள் கொடி தானாகக் காய்ந்துவிடும், நான் அறுக்க வேண்டியதில்லை. சீடை டப்பாவைத் தொலைத்துவிடாதே, அது அத்தை வீட்டு டப்பா, அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அப்பா