பழைய கணினியிலிருந்து உரிமத்தைப் பிரிக்காதீர்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கணினிப் பிரிவைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. அதனால் நன்றாக ஓடும் மடிக்கணினிகள்கூட உங்களிடமிருந்து வெளியேறுகின்றன. அவற்றைச் சீர்செய்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எங்களுக்கு நீங்கள் தருவது பெரிய உதவி. அதில் ஒரு குறை இருக்கிறது.

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. கைமாறினால் அதுவும் கூடவே போகும். நிறுவனம் மொத்தமாக வாங்கிய எண்டர்பிரைஸ் உரிமம் உங்களுடையது, அதை நாங்கள் கேட்கவில்லை. வாங்கும்போதே இருந்த புரோ உரிமத்தைத்தான் கேட்கிறோம். விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் அது 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஸ்டிக்கர். சொத்து எண் ஸ்டிக்கரை உரிப்பவர்கள் அதையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எண்ணி ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பது நியாயமே. தாராளமாகத் துடையுங்கள், சாவிக்கு ஒன்றும் ஆகாது.

எங்களைத் திணறடிப்பவை, கணினி தொடங்கும் அமைப்பான பயோஸுக்குப் போட்ட கடவுச்சொல்லும், கணினியை உங்கள் நிறுவனத்தோடு இணைத்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் பதிவும். பதிவை நீக்காமல் கொடுத்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் உங்கள் நிறுவன மின்னஞ்சலைக் கேட்டுக்கொண்டு நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நிர்வாகத் தளத்தில் அதை நீக்க உங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். எங்களுக்கு அங்கே நுழையவே வழியில்லை.

விண்டோஸ் 11 ஏறாதவற்றில் லினக்ஸ் மின்ட் போடுகிறோம். உரிமக் கட்டணம் கிடையாது, தமிழில் தட்டச்சு செய்யலாம், கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளமும் உலாவியிலேயே திறக்கும். ஆனால் பயோஸ் பூட்டியிருந்தால் யுஎஸ்பியிலிருந்து அதையும் ஏற்ற முடியாமல் போகிறது. இணையத்தில் கிடைக்கும் மலிவுச் சாவிகளை வாங்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைக்குத் தரும் பொருளில் அந்தக் காரியத்தைச் செய்ய எங்களுக்கு மனம் வராது.

அடுத்த முறை லாரியில் ஏற்றும் முன், ஒவ்வொரு கணினியின் வரிசை எண்ணையும் அதில் முதலில் வந்த விண்டோஸ் பதிப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். பயோஸ் கடவுச்சொல், ஆட்டோபைலட் இரண்டும் நீக்கப்பட்டனவா என்று குறித்து, கணினியை எங்களுக்கு ஒப்படைத்ததாகக் கையெழுத்திட்டுத் தாருங்கள். அப்புறம் ஆக வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பினாங்குத் தன்னார்வலர் ஒருவர்