பத்திரம் ஒருவரிடம், அனுபோகம் வேறொருவரிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியான்மர் எல்லை நெடுகிலும் வேலி அமைப்பதை வரவேற்றுத் தாங்கள் எழுதியிருந்த தலையங்கத்தைப் படித்தேன். போதைப்பொருளும் ஆயுதங்களும் அந்த மலைப்பாதைகள் வழியாக வருகின்றன என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2015 ஜூனில் மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் 18 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டதையும் நம் படை எல்லை தாண்டித் தாக்கியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. ஆயினும் 1,643 கிலோமீட்டர் எல்லைக்கு ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் செலவிடுவதற்கு முன், அந்நாட்டில் நாம் யாருடன் உடன்படிக்கை செய்துகொள்கிறோம், நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தங்கள் தலையங்கம் எழுப்பியிருக்கலாம். செட்டிநாட்டுக்காரனாகிய எனக்கு அந்தக் கேள்வி வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் ஐயா (அப்பச்சியை, அதாவது தந்தையைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) இன்றைய மியான்மராகிய பர்மாவின் பெகு நகரில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அவருடைய இரும்புப் பெட்டி இன்றும் எங்கள் வளவில் கிடக்கிறது. அதற்குள் பேரேடுகளுக்கு அடியில் அடமானப் பத்திரங்கள் ஒரு கட்டு. வட்டம் வட்டமான பர்மிய எழுத்து, பக்கத்தில் கடன் வாங்கியவரின் பெயரும் ஏக்கர் கணக்கும் ஐயாவின் கைப்படப் பென்சிலில் தமிழில். 1941-இல் கிஸ்தி கட்டிய ரசீதுதான் கடைசி. முத்திரைகூட அழியவில்லை. அந்த வயல்களில் அதன்பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட அறுவடைகள் ஆகியிருக்கும். ஒரு மரக்கால் நெல்கூட எங்கள் கணக்கில் ஏறவில்லை.

இதை இழப்பின் புலம்பலாகச் சொல்லவில்லை. பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் மதிப்பிட்டது. வட்டிக்கடைக்காரனுக்குப் பணம் புரண்டுகொண்டிருக்க வேண்டும். நிலத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ஆனால் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்ததும் அடமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் 25 விழுக்காடாயிற்று. எல்லாம் சட்டப்படி, கோர்ட்டுத் தீர்ப்புப்படி நடந்தது. ரங்கூன் சர்க்காரின் முத்திரை இருக்கும்வரை கவலையில்லை என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். உழுது கொண்டிருந்தவன் என்ன நினைக்கிறான் என்று பெட்டியடியில் உட்கார்ந்திருந்த எவரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தனர், 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, 1962-இல் ஆட்சியைப் பிடித்து ராணுவத் தளபதி நே வின் வந்தார். பத்திரம் எங்களிடம் தங்கியது, அனுபோகம் அவர்களிடம் போயிற்று.

இப்போது மியான்மர் வழியாக வடகிழக்கை எட்ட இந்தியா போடும் கலாதான் போக்குவரத்துத் திட்டத்தைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து சிட்வே வரை கடல்வழி (பழைய ஆட்களுக்கு அது அக்கியாப்), அங்கிருந்து பலேத்வா வரை 158 கிலோமீட்டர் ஆற்றுவழி, பிறகு மிசோரம் எல்லையிலுள்ள சோரின்புய் வரை சாலை. 2008-இல் கையெழுத்தான இத்திட்டத்தின் சிட்வே துறைமுகம் 2023 மே மாதம் திறக்கப்பட்டு, முதல் சரக்குக் கப்பலும் போய்ச் சேர்ந்தது. எட்டு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், பலேத்வாவை ராக்கைன் இனத்தவரின் கிளர்ச்சிப் படையான அரக்கான் ஆர்மி பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ராக்கைன் மாநிலத்தின் 17 வட்டங்களில் 14 அவர்கள் வசமாயின. சிட்வே உள்ளிட்ட மூன்று மட்டும் ராணுவத்திடம் நின்றன. அதாவது நம் கப்பல் ஒருவருடைய துறைமுகத்தில் சரக்கை இறக்க வேண்டும், நம் படகு இன்னொருவருடைய ஆற்றில் ஏற வேண்டும். ஒப்பந்தமோ முதலாமவருடன் மட்டுமே இருக்கிறது. எங்கள் பெட்டியில் உள்ள பத்திரங்களுக்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

மியான்மர் தலைநகர் நேப்பிடாவிலுள்ள அரசுடன் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-இல் 'சிந்துவீர்' நீர்மூழ்கிக் கப்பலை அந்நாட்டுக் கடற்படைக்குக் கொடுத்ததற்கும், 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகும் உறவை முறித்துக்கொள்ளாததற்கும் சீனா என்ற ஒரு காரணம் எப்போதும் சொல்லப்படுகிறது. அந்தச் சீனாவே எப்படி நடந்துகொள்கிறது? கியாவுக்பியூவிலிருந்து யுன்னான் வரை எண்ணெய்க் குழாயும் எரிவாயுக் குழாயும் போட்டிருக்கிற அந்த நாடு, ராணுவத்தோடும் பேசுகிறது, ராணுவத்தை எதிர்ப்பவர்களோடும் பேசுகிறது. கிளர்ச்சிப் படை 2024-இல் பிடித்த லாஷியோ நகரத்தை 2025 ஏப்ரலில் ராணுவத்திடம் திரும்ப ஒப்படைக்க வைத்ததும் சீனாவின் மத்தியஸ்தமே. அழுத்தம் கொடுத்துச் சாதிக்கும் அவர்களுடைய முறை நமக்கு வேண்டாம். இரு தரப்பையும் ஒரே நேரத்தில் தெரிந்து வைத்திருக்கும் பழக்கம் வேண்டும்.

பொருளாதார உறவு என்றதும் சாலையையும் துறைமுகத்தையுமே எழுதுகிறார்கள். உளுந்தை யாரும் எழுதுவதில்லை. காரைக்குடி மளிகைக் கடையில் மூட்டையைக் காட்டி "இது நாட்டு உளுந்தா, பர்மாவா?" என்று கேட்பது இன்றும் உண்டு. விருந்தாளி வந்த அன்று வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியோடு அளந்து போடுகிற உளுந்து, பல நாள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதாகவே இருக்கும். பர்மியர் அதை அதிகம் உண்பதில்லை. பெரும்பாலும் நமக்காகவே விதைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நம் அரசு துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று திடீரென வரம்பு விதித்தபோது, விலை விழுந்து அடிபட்டவர்கள் அந்நாட்டுச் சிறு விவசாயிகள். இங்கே நம் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் ஒரு பருவம் முன்னதாகச் சொல்லியிருக்கலாம். 2021 மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்தது. அடுத்த மாதமே, 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்குவதாக உடன்பாடு ஆயிற்று. 2024-இல் ரூபாய்க்கும் அந்நாட்டு நாணயமான கியாட்டுக்கும் நேரடிப் பட்டுவாடா முறையும் வந்தது. என்னைக் கேட்டால், முப்பதுகளில் நெல் விலையோடு சேர்ந்து நாங்கள் இழந்த நல்ல பெயரை இந்தியா அங்கே திரும்பச் சம்பாதிப்பதற்கு இத்தகைய உடன்பாடு ஒன்று தொடர்ந்து நடப்பில் இருப்பதே போதும்.

எல்லையில் வாழ்கிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். இரு பக்கமும் 16 கிலோமீட்டர் வரை அனுமதிச் சீட்டோடு போய்வரும் ஏற்பாட்டை நிறுத்தப்போவதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அறிவித்தார். பின்னர் அது 10 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. நிறுத்தும் அறிவிப்பை எதிர்த்து மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் இரண்டும் தீர்மானம் நிறைவேற்றின. மிசோரத்தில் தஞ்சம் புகுந்திருக்கும் மியான்மரின் சின் இன மக்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஓர் இடம் இருப்பதைத் தங்கள் வாசகர் பலர் அறிவர். பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரன் என்ற முறையில், சின் மக்களை ஊடுருவல்காரர் என்ற ஒரே சொல்லால் தங்கள் தலையங்கம் குறித்தது எனக்கு உடன்பாடாக இல்லை.

மணிப்பூரின் மோரேயில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி, பிழைப்புக்கு வழியின்றி மறுபடி தரைவழியாகப் பர்மாவுக்கே போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர். கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், எல்லைக்கு அப்பால், மியான்மரின் தமு நகரம். வேலியைப் பற்றித் தாங்கள் அடுத்து எழுதுவதற்கு முன் நிருபர் ஒருவரை அங்கே அனுப்பி, அக்கரையில் இப்போது யாரிடம் சுங்கம் கட்டுகிறார்கள் என்று கேட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கானாடுகாத்தான்.