கொமடோர் அவர்களே, தளர்த்துவதற்குப் பாய் இல்லை

நம் பாய்ப்படகுக் கிளப்பின் தலைவரான மதிப்புக்குரிய கொமடோருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வருகிற சனிக்கிழமை பாய் அணிவகுப்பு என்று அறிவித்திருக்கிறீர்கள். எல்லா வள்ளங்களும் முழுப்பாயோடு வரிசையில் வர வேண்டும், உங்கள் வள்ளத்தைக் கடக்கும்போது முன்பாயைத் தளர்த்தி மரியாதை செய்ய வேண்டும். வெள்ளைக் காற்சட்டை அணிந்தால் நல்லதாம். காற்சட்டை இருக்கிறது. பாய்மரம்தான் இன்னும் படுத்துக் கிடக்கிறது.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். போன ஒக்டோபரில் பனிக்காலத்துக்காகக் கடைசிப் பாய்மரத்தை இறக்கிய அன்றே, கிறேனில் பாரம் இழுக்கும் வின்ச் உருளையின் கம்பி இழை இழையாகப் பிய்ந்திருப்பதைக் கண்டு சிவப்புப் பட்டி சுற்றினீர்கள். அது சரியான முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு முழுப் பனிக்காலமும் கையில் இருந்தது. மே மாதம் வாடகைக் கிறேன் வந்து வள்ளங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பாய்மரம் நிறுத்துவது நம் சொந்தக் கிறேனின் வேலை. ஜூன் பிறந்தும் அந்தப் பட்டி அங்கேயேதான். வெயிலில் ரோஸ் நிறமாகிவிட்டது.

சின்ன வள்ளக்காரர் நாலு பேர் பிடித்துக் கையாலேயே நிறுத்திக்கொண்டார்கள். என்னுடையது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிரம்டனில் கட்டிய பழைய சிஎஸ் 27 ரகப் பாய்வள்ளம். முப்பது அடிக்கு மேற்பட்ட பாய்மரம், கையால் ஏலாது. "பக்கத்துக் கிளப்புகளில் கேட்டுப் பாருங்கள்" என்று உங்கள் பதில் வந்தது. கேட்டேன். ஒரு கிளப்பில் காசு கட்டி, ஒரு ஞாயிறு காலை நேரம் எடுத்தேன். பாய்மரத்தை மேல்தட்டில் நீட்டிக் கட்டி, முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருந்த நுனிகளில் சிவப்புத் துணி முடிந்து, நானும் மனைவியும் மோட்டரில் புறப்பட்டோம்.

ஒன்ராறியோ ஏரிக்கரையின் ஸ்காபரோ மண்மேடுகளுக்கு நேரே வரும்போது தென்மேற்குக் காற்று ஏறியது. பாய்மரம் நிற்காத வள்ளம் எப்படி ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. மேலே பாரம் இல்லாததால் வெடுக்கு வெடுக்கென்று அடித்தது. மூன்றாவது அலையில் பின்கட்டு நெகிழ்ந்தது. பாய்மரம் ஒரு சாண் நகர்ந்து, உச்சியில் பூட்டியிருந்த காற்றுகாட்டி எங்கேயோ மோதி உடைந்தது. மனைவி தட்டில் முழங்காலிட்டு, பாய்மரத்தின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தாள். நான் சுக்கானை விட்டுவிட்டு உதவிக்குப் போக முடியாது. மே மாதத் தண்ணீர் அது, விழுந்தால் சில நிமிடங்களிலேயே கை விறைத்துப் போகும். திரும்பி நம் படகு மேடைக்கு வந்துசேர முக்கால் மணித்தியாலம் ஆனது. கட்டி முடித்ததும் அவள் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கைகள் இரண்டிலும் கம்பி பதிந்த தடம். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வள்ளத்துக்கு வரவும் இல்லை.

ஆகவே கேட்கிறேன், கிறேனைத் திருத்துங்கள்.

காசு இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். ஆனால் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடப் புதுப் பலகைத் தளம் வந்துவிட்டது, இரண்டு பெரிய வாட்டடுப்புகளும் வந்துவிட்டன. நன்றாகத்தான் இருக்கின்றன, பலகை அடித்தவர்களில் நானும் ஒருவன். உறுப்பினருக்கான கட்டாய வேலை மணித்தியாலங்களில் பன்னிரண்டை அங்கேதான் கழித்தேன். கூடிச் சாப்பிடுவதற்கு நான் எதிரியுமில்லை. எங்கள் வீட்டு மட்டன் ரோல்ஸ் நாற்பதும் எத்தனை நிமிடத்தில் முடியும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பாய்ப்படகு சொந்தமாக வைத்திருப்பவருக்கு மட்டுமே நம் கிளப்பில் இடம், விசைப்படகுக்காரரைச் சேர்ப்பதில்லை. அந்த விதிப்படி பார்த்தால் என்னை எப்போதோ நீக்கியிருக்க வேண்டும்.

2017 இல் ஒன்ராறியோ ஏரி கடல்மட்டத்திலிருந்து 75.88 மீட்டருக்கு ஏறி மேடைகளை மூடியபோதும், 2019 இல் அதையும் தாண்டி 75.92 மீட்டர் வந்தபோதும் நாம் என்ன செய்தோம்? முழங்கால் தண்ணீரில் நின்று மணல் மூட்டை அடுக்கினோம். அப்போது எந்தத் துணைக்குழுவின் அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. இப்போது ஒரு வின்ச்சுக்கும் கொஞ்சக் கம்பி வடத்துக்கும் மூன்று கூட்டம் நடந்துவிட்டது. மூன்றிலும் "ஆய்வில் உள்ளது".

என் அப்பா வல்வெட்டித்துறைக்காரர். அவர் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் மாசசூசெட்ஸின் குளொசெஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "என்னடா தம்பி, மரம் இன்னும் முளைக்கேல்லையோ?" என்று சிரிக்கிறார். கிளப்பில் ஆய்வு நடக்கிறது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் நேரம் செலவழிக்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. கேட்பது கிறேன் ஒன்றுதான். இந்தக் கிழமைக்குள் திருத்த ஏலாது என்றால், ஒரு நாள் வாடகைக் கிறேனையாவது கூப்பிடுங்கள். பாய்மரம் படுத்துக் கிடக்கும் நாங்கள் பதினொரு பேரும் செலவில் பங்கு தரத் தயார். திகதியை மட்டும் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

சனிக்கிழமை அணிவகுப்புக்குக் கட்டாயம் வருவேன். மோட்டரில்தான். உங்களைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மேடையில் சிவப்புத் துணி கட்டிய வள்ளத்துக்காரன்